குன்னூரில் வீட்டுச் செவிலியர் சேவை: ஒரு பழைய நர்சம்மா போட்ட மதிப்பெண்

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பின்படிக்கட்டில் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கோவையில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள் அவரைக் குன்னூருக்கு அழைத்து வந்தோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், கோவையிலிருந்து நீலகிரிக்கு ஆள் அனுப்பும் ஒரு வீட்டுச் செவிலியர் சேவையை ஆறு வாரங்களுக்கு அமர்த்தினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மலைக்கு ஆள் அனுப்பும் வேறு இரண்டு இடங்களிலும் விசாரித்தோம். நடைமுறையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவான குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது முறையாகாது.

எழுதுகிறவன் நானே என்றாலும், மதிப்பெண் போட்டவர் படுக்கையில் இருந்த அம்மா. அவருக்கு இப்போது வயது 88. 1955-ல், பதினெட்டு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு குன்னூரில் மலை ரயில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, சமவெளியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பயிற்சி முடிந்ததும் மலைக்கே திரும்பி, தேயிலைத் தோட்ட மருத்துவமனை ஒன்றில் ஓய்வு பெறும் வரை பணியாற்றினார். தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்ததால்தான் தனக்கு அந்த வேலை கிடைத்தது என்பார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்து இன்று பேரன் எடுத்துவிட்டவர்களுக்கும் அவர் இன்னும் நர்சம்மாதான். அப்படிப்பட்ட ஒருவர் நோயாளியாக வாய்த்தால், பார்த்துக்கொள்ள வருகிறவர் பாடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டண விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டில் தங்கும் பணியாளருக்கு மாதம் 28,000 ரூபாய். உணவும் தங்குமிடமும் நம் பொறுப்பு. வாரம் ஒரு முறை டிப்ளமோ படித்த செவிலியர் வந்து கட்டு மாற்றிப் போவதற்குத் தனிக் கட்டணம். மலைக்கு வருவதற்கென்று ஒரு கூடுதல் படி உண்டு. அதை முன்பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். கணக்கு வழக்கில் இதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வந்தவர் இருபது வயதைத் தாண்டியிராத பெண். சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர். விளம்பரத்தில் ‘நர்ஸ்’ என்று போட்டிருந்தாலும் இவர் பதிவு பெற்ற செவிலியர் அல்லர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நிறுவனம் தானாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் செவிலியரைப் பதிவு செய்யும் முறை 1926-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஆகவே வருகிறவர் பதிவு பெற்ற செவிலியர் என்று சொல்லப்பட்டால் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. அம்மா முதல் நாளே கேட்டார். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

குன்னூரின் குளிரைப் பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. மெல்லிய சால்வை ஒன்றோடு வந்து இறங்கினாள். இரண்டாம் நாள் துவைத்துப் போட்ட துணி நான்காம் நாளும் காயவில்லை. நனைந்த போர்வைபோல் பனிமூட்டம் மூடிக் கிடந்த அந்த வாரத்தில், அவள் நேரத்தில் பாதி தன் கைகளைச் சூடாக்கிக்கொள்வதில் போயிற்று. இதை அவள் குற்றமாக நான் எழுதவில்லை. கம்பளிச் சட்டையும் காலுறையும் கொண்டு வா என்று ஒரு வரி சொல்லி அனுப்பாத அலுவலகத்தின் குற்றம் அது.

படுக்கை விரிப்பதில்தான் முதல் மோதல் வந்தது. அம்மாவின் பயிற்சியில் முதல் மூன்று மாதங்கள் நோயாளியைத் தொடவே விடவில்லையாம். படுக்கை விரிப்பதும், எனாமல் பேசின்களைத் தேய்ப்பதும், பஞ்சை உருட்டுவதும், காஸ் துணியை அளவாக வெட்டி மடிப்பதும்தான் வேலை. அடிவிரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. மூலைகளை உறை மடிப்பதுபோல் மடித்து மெத்தைக்கடியில் இறுகச் செருக வேண்டும். அதன் மேல் இடுப்புப் பகுதியில் ரப்பர் விரிப்பு, அதற்கும் மேல் குறுக்காக டிரா ஷீட் என்னும் சிறு விரிப்பு. தலையணை உறையின் திறந்த பக்கம் வார்டு வாசலைப் பார்த்து இருக்கலாகாது. கட்டில்களின் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலைமைச் செவிலியரான மேட்ரன் வாசலில் நின்றபடியே வரிசையைப் பார்ப்பார். ஒரு சக்கரம் கோணலாக இருந்தாலும் முழு வரிசையையும் கலைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். தலையணை உறைக்கும் சக்கரத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதுண்டு. “ஒண்ணும் இல்ல. ஆனா சக்கரத்தைப் பார்க்கப் பழகின கண்ணு, முதுகைப் பார்க்காம விடாது” என்பது அம்மாவின் பதில். அந்தப் பதிலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாதி ஒழுங்கு, பாதி அடக்கிவைத்தல் என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அடிவிரிப்பின் சுருக்கம் வேறு விஷயம். அசைய முடியாத உடம்பின் எடை முழுதும் அந்தச் சுருக்கத்தின் மேல் இறங்கினால் தோல் புண்ணாகும்.

அந்தப் பெண் விரிப்பை உதறிப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான்காம் நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, “எனக்குத் தண்டு முடியிற எடத்துல எரியுது. சிவந்திருக்கான்னு பாரு. விரலால அழுத்திப் பாரு, வெளுக்குதா இல்லையா?” என்றார். பார்த்தேன். எட்டணா அகலத்துக்குச் சிவந்திருந்தது. அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் படி அது. நோயாளி தானே தன் முதுகுச் சிவப்பைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இந்தச் சேவையின் முதல் வாரத்துக்கு நான் தரக்கூடிய மதிப்புரை.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, “ஆப்பில் நான்கு நாளும் எல்லாம் இயல்பு என்று பதிவாகியிருக்கிறதே, சார்” என்றார் மேற்பார்வையாளர். பணியாளர் குறித்து அனுப்பும் நிறுவனத்தின் கைபேசி ஆப்பில் அப்படிப் பதிவாகித்தான் இருந்தது. ‘நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தேன்’ என்ற கட்டத்தில் இரண்டு மணிக்கொரு முறை தவறாமல் ஒரு குறி. கட்டம் இருந்தால் குறி விழும்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவை விளம்பரத்தில் பெரிதும் பேசுவது கருவிகளைத்தான். நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானித் துப்பாக்கி ஒன்றைப் பையில் வைத்து அனுப்புகிறார்கள். ஜன்னலோரக் குளிரில் நெற்றித் தோல் சில்லிட்டிருக்கும்போது அது 94 டிகிரி என்று காட்டியது. அந்தப் பெண் அப்படியே குறித்துக்கொண்டாள். “தொண்ணூத்து நாலுன்னா நான் போயி அரை மணி நேரம் ஆச்சும்மா. குறிச்சுக்க” என்றார் அம்மா. தன் தகரப் பெட்டியிலிருந்து பாதரச வெப்பமானியை எடுத்துவரச் சொல்லி, மணிக்கட்டை உதறிப் பாதரசத்தை இறக்கி, நாக்கின் அடியில் வைத்துக் காட்டினார். 98-க்குச் சற்றுக் கீழ். பாதரசம் நச்சு, கண்ணாடி உடையும், ஆகவே இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். அக்குளில் வைக்கும் மின்னணு வெப்பமானி நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்வது போதும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரின் கதை இன்னும் வேடிக்கை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆரோக்கியமான முதியவருக்கும் ஆக்சிஜன் அளவு சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டுவது இயல்பு. விரல் குளிர்ந்திருந்தால் கருவி சரியாகப் படிக்காது. கோவையில் இருக்கும் கணினிக்கு இது தெரியாது. 93 என்று பதிவான ஒவ்வொரு காலையும் அபாய அழைப்பு வந்தது. விரலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு பார்த்தால் 95. இரண்டாம் வாரம் முதல் நாங்களே அலுவலகத்துக்கு இதை விளக்கி எழுதி, எச்சரிக்கை எல்லையை மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். இதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

உயரத்தைக் கணக்கில் எடுப்பது அம்மாவுக்குப் பழைய பாடம். பயிற்சிக் காலத்தில் ஊசிகளையும் கண்ணாடி சிரிஞ்சுகளையும் கொதிநீரில் போட்டே கிருமி நீக்கினார்கள். சிரிஞ்சின் குழாயிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறிப் பொருத்தினால் மருந்து பின்பக்கமாகக் கசியும். ஆகவே கொதித்து இறக்கிய தட்டில் ஜோடி தேடுவதே பயிற்சி மாணவியின் முதல் பரீட்சை. ஊசிகளைத் தூக்கி எறிவதில்லை. நுனியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். இழை சிக்கினால் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது என்று பொருள், உடனே தீட்டுக்கல்லில் தேய்க்க வேண்டும். பென்சிலினை அப்போது நாள் முழுதும் சில மணிக்கொரு தடவை போட வேண்டியிருந்ததால், மழுங்கிய ஊசி என்றால் நோயாளி அழுதே விடுவாராம். இதையெல்லாம் சமவெளியில் கற்றுக்கொண்டு தோட்ட மருத்துவமனைக்கு வந்தவருக்கு, குன்னூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதை அங்கிருந்த கம்பவுண்டர்தான் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து கொதிக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். அரிசியும் பருப்பும் வேகத் தாமதமாகிறதே, கிருமி மட்டும் சீக்கிரம் வெந்துவிடுமா என்று கேட்டாராம் அந்தக் கம்பவுண்டர்.

வாரம் ஒரு முறை வந்த டிப்ளமோ செவிலியரிடம் அம்மா இந்த ஊசிக் கதையைச் சொன்னார். அவர் கையில் இருந்த, உறை பிரித்து ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் செவிலியரின் வேலையில் குறை காண அம்மாவால் முடியவில்லை. முயன்றார் என்பதற்கு நான் சாட்சி. சோப்புப் போட்டுக் கையை மணிக்கட்டு வரை கழுவி, கட்டைப் பிரித்து, கையுறை மாற்றி, தையல் பிரித்து, இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார். கையுறையைக் குப்பையில் போட்டபோது மட்டும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். அவர் காலத்தில் ரப்பர் கையுறைகளைக் கழுவி, காற்றை ஊதி ஓட்டை பார்த்து, ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி, மறுபடி நீராவியில் வைத்து எடுப்பார்கள்.

முதலில் வந்த பெண்ணை மாற்றித் தரும்படி ஐந்தாம் நாள் கேட்டோம். மாற்று ஆள் வர மூன்று நாள் ஆயிற்று. ஒப்பந்தத்தில் ‘24 மணி நேரத்துக்குள்’ என்று இருக்கிறது. மலைக்கு அது பொருந்தாது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அந்த மூன்று நாளும் நான் விடுப்பு எடுத்தேன். கட்டணத்தில் அதைக் கழிக்கச் சொல்லி மூன்று முறை எழுதிய பிறகே கழித்தார்கள்.

இரண்டாவதாக வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. மருத்துவமனை வார்டுகளில் ஆயாவாகப் பல ஆண்டுகள் இருந்தவர். சான்றிதழ் எதுவும் பெரிதாக இல்லை. வரும்போதே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். வந்த அன்றே கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அம்மாவைத் தொட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

அடுத்த மோதல் முதுகைப் பற்றியது. 1950-களில் கற்பித்தபடி, நான்கு மணிக்கொரு தடவை முதுகில் ஸ்பிரிட் தடவி, அழுத்தித் தேய்த்து, பவுடர் போட வேண்டும் என்றார் அம்மா. அடியில் காற்றடைத்த வளையம் வைக்கச் சொன்னார். வந்தவர் மறுத்தார். “சிவந்த எடத்தைத் தேய்க்கக் கூடாது பாட்டி. உள்ள இருக்கிற சதை இன்னும் நைஞ்சு போயிரும். வளையமும் வேண்டாம், சுத்தி இறுக்கும். பக்கம் மாத்திப் படுத்தாப் போதும்” என்றார். “எனக்கே சொல்லித் தர்றியா, கண்ணு?” என்று அம்மா கேட்ட தொனியில் நான் சமையலறைக்கு நழுவிவிட்டேன். ஆனால் அந்தப் பெண்மணி சொன்னதுதான் சரி. எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்த தோலைத் தேய்க்கக் கூடாது, வளையம் உதவாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். டிப்ளமோ செவிலியரும் அதையே சொன்னபோது அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், “நாங்க எத்தனை முதுகைத் தேய்ச்சிருப்போம்” என்றார், யாரையும் பார்க்காமல்.

பத்து நாளில் அந்தச் சிவப்பு மறைந்தது.

பழைய பயிற்சியைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பயிற்சி என்ற பெயரில் அந்த மருத்துவமனையே மாணவிகளின் உழைப்பில்தான் ஓடியது என்பதை அம்மாவே சொல்வார். இரவு டியூட்டி முடித்து, தூங்காமல் காலை வகுப்பில் உட்கார்ந்து, அங்கே தலை சாய்ந்தால் நிற்க வைப்பார்கள். ஒரு வார்டு முழுதையும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தனியாக இரவில் பார்த்துக்கொண்டாள். கிருமி நீக்கப் பயன்படும் கார்பாலிக் நீரில் கை வெடித்து, சாப்பாட்டில் காரம் பட்டால் எரியும். சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946-ல் அளித்த அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டிருந்தது. மறு ஆண்டே இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது, வேலூரிலும் டில்லியிலும் பட்டப்படிப்பும் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஆள் பற்றாக்குறையின் சுமை இறங்கியது பதினெட்டு வயதுப் பெண்களின் முதுகில். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று உறவினர் பேசிய பேச்சு தனி. இன்று 28,000 ரூபாய் வாங்கும் நிறுவனம் வீட்டில் தங்கும் பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று நான் கேட்டபோது, பாதிக்குச் சற்று மேல் என்றார் இரண்டாவதாக வந்தவர். அவருக்கு வார விடுமுறை கிடையாது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்களே ஞாயிறு மதியங்களில் அவரை வெளியே அனுப்பிவைத்தோம். சிம்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு வர்க்கியோடு திரும்புவார்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதையே தவறு என்று நான் நினைக்கவில்லை. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தால்தான் பிழைப்பார்கள் என்று நம்பிய காலத்தில், முறையாக மருந்து கொடுத்தால் வீட்டிலிருந்தபடியும் அதே அளவு குணமாகிறது என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு காட்டியது. அம்மா பயிற்சியில் இருந்த ஆண்டுகள் அவை. மலைக் காற்றுக்கென்று ஊட்டிக்கு வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தச் செய்தியை நம்பச் சில காலம் பிடித்ததாம். வீடு போதும், ஆனால் வீட்டில் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். ஆப்பில் இருக்கும் கட்டங்கள் போதாது, இரவு அறிக்கையைக் கையால் எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. அவருடைய பயிற்சியில், காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது இரவு டியூட்டிப் பெண் வார்டு சிஸ்டர் முன் நின்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அறிக்கை படிக்க வேண்டும். ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள்; எத்தனை மணிக்குத் தூங்கினார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், சிறுநீர் எவ்வளவு, என்ன கேட்டார் என்று எழுத வேண்டும். அந்தப் பெண்மணிக்கு முதலில் இது தொல்லையாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், எழுத்து தள்ளாடும். முதல் இரவு எழுதியது ஒரே வரி. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, பென்சிலால் நான்கு கேள்விகளை ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சேவையை எடுக்க எண்ணும், மலையில் இருப்பவர்களுக்குச் சில செய்திகள். வருகிறவர் பதிவு பெற்ற செவிலியரா, உதவியாளரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், அதுவரை கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, இரவில் எவ்வளவு குளிர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆள் நன்றாக அமைந்தால் விடாதீர்கள். அடுத்த முறை அதே ஆளை அனுப்புவதாக நிறுவனம் உறுதி தருவதில்லை, நாங்கள் கேட்டும் தரவில்லை.

ஆறாம் வாரம் முடிந்தபோது ஆப்பில் நட்சத்திரம் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. நிறுவனத்துக்கும் பணியாளருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்தான் போட முடியும். அம்மாவிடம் கேட்டேன். “கம்பெனிக்கு ரெண்டு. அவளுக்கு வேணும்னா நோட்டைக் காட்டு” என்றார். நோட்டில் அந்தப் பெண்மணி எழுதிய கடைசி இரவின் குறிப்பு இது: “இரவு 2 மணி. பாட்டி முழிச்சிருந்தாங்க. வலி இல்லைன்னு சொன்னாங்க. ஆனா போர்வையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. சீட்டுல உள்ள மாத்திரை கொடுத்தேன். இடது பக்கம் திருப்பிப் படுக்க வச்சேன். 3 மணிக்குத் தூங்கினாங்க. முதுகு பார்த்தேன், சிவப்பு இல்லை.” ஓரத்தில் பென்சிலில் கேள்வி ஏதுமில்லை, அம்மாவின் சுருக்கொப்பம் மட்டும் இருந்தது. ஆப்பில் அதே இரவுக்கு எதிரே ‘எல்லாம் இயல்பு’ என்று இருக்கிறது.